அடித்தள மக்கள் கோட்பாடும் தென்னக வரலாறும்: ஸ்ரீரங்கப்பட்டணச் சான்றுகளை முன்வைத்து

முன்னுரை

தமிழாய்வுலகில் 1990களுக்குப் பின்னர்ப் பெருவழக்குப் பெற்ற கோட்பாட்டுச் சொற்களுள் ‘விளிம்புநிலை’, ‘அடித்தள மக்கள்’ ஆகியன குறிப்பிடத்தக்கவை. இத்தாலியச் சிந்தனையாளர் அந்தோனியோ கிராம்ஷி (1891–1937) சிறைக் குறிப்பேடுகளில் உருவாக்கிய ஒரு கருத்தாக்கத்தை இச்சொற்கள் தமிழில் சுமந்து நிற்கின்றன. ரணஜித் குஹாவும் அவர்தம் குழுவினரும் 1982 முதல் வெளியிட்ட ‘சபால்டர்ன் ஆய்வுகள்’ தொகுதிகளின் வழியே அக்கருத்தாக்கம் இந்திய வரலாற்றெழுதியலில் நிலைபெற்றது. கதைப்பாடல், வாய்மொழி வழக்காறு, தலித் இலக்கியம், பெண் எழுத்து எனப் பல துறைகளிலும் ஆய்வேடுகள் இதனைக் கையாண்டுள்ளன.

இக்கோட்பாட்டை ஏற்போரும் மறுப்போரும் பெரும்பாலும் ஒரே வினாவைச் சுற்றியே வாதிடுகின்றனர்: ஐரோப்பாவிற் பிறந்த கோட்பாடு நம் வரலாற்றுக்குப் பொருந்துமா? பொருந்தும் என்போர் முதல் இயலில் கோட்பாட்டை அறிமுகம் செய்து, அடுத்த இயல்களில் அதற்கேற்ற சான்றுகளை அடுக்குகின்றனர். பொருந்தாது என்போர் அதன் பிறப்பிடத்தையே போதிய மறுப்பாகக் கொள்கின்றனர். இரு சாராரும் சான்றைக் கோட்பாட்டின்மீது திருப்பிக் கேள்வி கேட்கவிடுவதில்லை. இக்கட்டுரை அவ்வாறு கேட்க முற்படுகிறது. அதற்கு எடுத்துக்கொண்ட களம் ஸ்ரீரங்கப்பட்டணம். மைசூருக்கு அண்மையில், இன்றைய மண்டியா மாவட்டத்தில் அமைந்த இக்காவிரித் தீவு 1799 வரை மைசூர் அரசின் தலைநகர். வைணவ மரபில் இது ஆதிரங்கம். நம் ஸ்ரீரங்கம் அந்தியரங்கம். சேலம், பாராமகால், திண்டுக்கல், கோயம்புத்தூர்ப் பகுதிகள் பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிருந்தே ஆளப்பட்டன. ஆதலின் இவ்வூர்ச் சான்றுகள் தமிழக வரலாற்றின் சான்றுகளுமாகும்.

கோட்பாடு ஐரோப்பியமாக இருப்பது இடர்ப்பாடன்று. ஓர் உறவைச் சுட்டும் சொல்லை ஒரு மக்கட்கூட்டத்தின் பெயராக நாம் மாற்றிக்கொண்டதும், வங்காளத்தின் நிலவுடைமைச் சூழலில் வடிவம் பெற்ற ஒன்றை இந்தியா முழுமைக்குமான வடிவமாக எடுத்துக்கொண்டதுமே இடர்ப்பாடுகள் என்பது இக்கட்டுரையின் துணிபு.

சொல்லின் பயணம்

‘சபால்டர்ன்’ என்னும் ஆங்கிலச் சொல் கோட்பாட்டுச் சொல்லாகுமுன் படைத்துறைச் சொல். கேப்டனுக்குக் கீழ்ப்பட்ட அதிகாரிகளாகிய லெப்டினன்ட் முதலியோரைக் குறித்தது அது. 1799 மே 4ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டை வீழ்ந்தபோதும் அதற்கு அப்பொருளே. அவ்வெற்றியின் நினைவாகக் கிழக்கிந்தியக் கம்பெனி பர்மிங்காமில் ஒரு பதக்கம் வார்ப்பித்தது. ஒருபுறம் புலியை வீழ்த்தும் சிங்கம். மறுபுறம் கோட்டைத் தாக்குதலின் காட்சி. உருவம் ஒன்று, உலோகம் ஐந்து. தளபதிகள் முதலிய மிக உயர்ந்தோர்க்குப் பொன். அடுத்த நிலை அதிகாரிகளுக்குப் பொன்முலாமிட்ட வெள்ளி. கேப்டன்களுக்கும் சபால்டர்ன்களுக்கும் வெள்ளி. அதிகாரி நிலை எய்தாத படைத்தலைவர்களுக்கு வெண்கலம். சாதாரணப் படைவீரர்க்கும் சிப்பாய்க்கும் வெள்ளீயம்.

இன்று நாம் அடித்தள மக்கள் என்று பொருள்கொள்ளும் சொல்லுக்கு உரியவர் அன்று வெள்ளிப் பதக்கம் பெற்றார். அவருக்குக் கீழே இன்னும் இரண்டு உலோகங்கள் இருந்தன. இச்சிறு சான்று சொல்லாராய்ச்சி வேடிக்கையன்று. ‘சபால்டர்ன்’ என்பது அடியில் இருப்பவனைக் குறிப்பதன்று. ஒருவனுக்குக் கீழே இருப்பவனைக் குறிப்பது. கீழே என்றவுடன் எவர்க்குக் கீழே என்னும் வினா எழ வேண்டும். குஹா இதனை அறிந்திருந்தார். முதல் தொகுதியில் அவர் எழுதிய அறிமுகக் கட்டுரையிலேயே, ஓரிடத்தில் ஆதிக்கம் செலுத்தும் ஒரு பிரிவு பிறிதோரிடத்தில் ஆதிக்கத்துக்கு உட்பட்டிருக்கக்கூடும் என்னும் கருத்து இடம்பெறுகிறது. அவ்வெச்சரிக்கை பிற்கால வழக்கில் மங்கிவிட்டது.

தமிழ்ப் பெயர்ப்புகளையும் இவ்வகையில் சீர்தூக்க வேண்டும். கிராம்ஷி 1934இல் தொடங்கிய இருபத்தைந்தாம் குறிப்பேட்டின் தலைப்பு வரலாற்றின் விளிம்புகளைப் பற்றியது. அடித்தளச் சமூகக் குழுக்களின் வரலாறு என்பது அதன் துணைப்பொருள். அங்கே விளிம்பு என்பது வரலாற்றெழுத்தின் விளிம்பு. எழுதப்பட்ட வரலாற்றின் ஓரத்தில் சிதறிக் கிடக்கும் சுவடுகளைத் தொகுக்க வேண்டும் என்பதே அவர் கருத்து. தமிழில் ‘விளிம்புநிலை மக்கள்’ என்னும் தொடர் நிலைபெற்றபோது ஏட்டின் விளிம்பு சமூகத்தின் விளிம்பாகிவிட்டது. இதனால் விளையும் பிழை சிறிதன்று. ஸ்ரீரங்கப்பட்டணத்தின் கோட்டைச் சுவரை எழுப்பியோரும், அதனைத் தகர்க்கப் பள்ளம் தோண்டியோரும், இருதரப்புப் படைகளுக்கும் எருது ஓட்டியோரும் அச்சமூகத்தின் ஓரத்தில் நின்றவரல்லர். அதன் நடுவில் நின்றவர். அவர்களை ஓரத்துக்குத் தள்ளியது ஏடு. ‘அடித்தளம்’ என்பது இதனினும் ஏற்புடைத்து. தளமின்றி மாடமில்லை என்பதை அச்சொல் உணர்த்துகிறது. ஆயினும் அதுவும் அசைவற்ற ஓர் இடத்தையே காட்டுகிறது, உறவைக் காட்டுவதில்லை. இக்குறையை உணர்ந்தே இக்கட்டுரை அச்சொல்லைக் கையாளுகிறது.

வங்காளத்தின் வழி வந்தது

கிராம்ஷி இத்தாலியின் தென்பகுதித் தீவான சார்டினியாவிற் பிறந்தவர். தொழில்வளமிக்க வடக்கும் வறிய தெற்கும் என்னும் பிளவே அவரது சிந்தனைக்கு ஊற்று. தென்பகுதிச் சிக்கல் பற்றி 1926இல் அவர் எழுதிய கட்டுரை இதனைத் தெளிவுறுத்தும். ஆதலின் இக்கோட்பாட்டை ‘ஐரோப்பியம்’ என ஒற்றைச் சொல்லால் ஒதுக்குவது, ஐரோப்பாவுக்குள்ளும் ஒரு தெற்கு உண்டு என்பதை மறப்பதாகும்.

அது நம்மிடம் வந்த வழியே மிகுதியும் ஆராயத்தக்கது. குஹாவின் முதல் நூலாகிய ‘வங்காளத்துக்கான ஒரு சொத்துரிமை விதி’ (1963) 1793ஆம் ஆண்டின் நிலையான நிலவரித் திட்டத்தின் கருத்தியல் வேர்களை ஆராய்ந்தது. 1983இல் வெளிவந்த அவரது பெருநூல் 1783 முதல் 1900 வரையிலான உழவர் கிளர்ச்சிகளின் அடிப்படைக் கூறுகளை வகுத்தது. ரங்பூர்க் கிளர்ச்சி, சாந்தாலர் எழுச்சி, பிர்சா முண்டாவின் எழுச்சி முதலிய கிழக்கிந்தியச் சான்றுகளே அதில் மேலோங்கி நிற்கின்றன. சர்க்கார், ஜமீன்தார், வட்டிக்கடைக்காரர் என்னும் மூவர் கூட்டணிக்கு எதிரே உழவர் நிற்கிறார் என்பது அந்நூலின் அடிப்படைக் காட்சி.

இனி, தெற்கே நிகழ்ந்தது யாது? 1792 மார்ச்சில் கையெழுத்தான ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திப்பு சுல்தான் தம் நாட்டில் ஏறத்தாழப் பாதியை இழந்தார். பாராமகால், சேலம், திண்டுக்கல் பகுதிகள் கம்பெனிக்கு வந்தன. பாராமகாலுக்கு அலெக்சாண்டர் ரீட் பொறுப்பேற்றார். தாமஸ் மன்றோ அவர்க்கு உதவியாளர். வங்காளத்தில் நிலையான திட்டம் நடைமுறைக்கு வந்த அதே காலத்தில், இடைத்தரகரான ஜமீன்தாரை விலக்கி உழவரிடமே நேரடியாக வரி கொள்ளும் இரயத்துவாரி முறை இங்கே கருக்கொண்டது. 1820 முதல் 1827 வரை மன்றோ சென்னை ஆளுநராக இருந்தபோது அது மாகாணத்தின் பெரும்பகுதிக்கும் விரிந்தது.

ஜமீன்தார் இல்லாத இடத்தில் மூவர் கூட்டணி எங்ஙனம் நிற்கும்? பட்டாப் பெற்ற இரயத்து அரசுக்குக் கீழ்ப்பட்டவர். அவருக்குக் கீழே, ஆண்டுக் கூலிக்கும் தவசத்துக்கும் உழைக்கும் பண்ணையாளும் படியாளும் இருந்தனர். 1800இல் சென்னையிலிருந்து புறப்பட்டு ஸ்ரீரங்கப்பட்டணத்தைச் சுற்றியுள்ள ஊர்களைப் பார்வையிட்ட பிரான்சிஸ் புக்கானன், ஏர்களின் எண்ணிக்கையையும் பண்ணையாட்களின் கூலியையும் சாதிவாரியாகக் குறித்துள்ளார். 1807இல் மூன்று தொகுதிகளாக வெளிவந்த அவரது பயண நூலில் இவற்றைக் காணலாம். நிலமற்ற உழைப்புச் சாதிகள் ஆங்கிலேயர் வருகைக்கு முன்னரே தென்னகத்தில் இருந்தன என்பதைத் தர்மா குமார் தம் ‘தென்னிந்தியாவில் நிலமும் சாதியும்’ (1965) என்னும் நூலில் நிறுவினார். ஆக, வங்காள வரைபடத்தில் ‘அடித்தளம்’ எனப்படும் உழவர், தென்னகத்தில் ஒருபுறம் கீழோர், மறுபுறம் மேலோர். அவரை எப்பக்கம் நின்று பார்க்கிறோம் என்பதைச் சொல்லாமல் அவருக்குப் பெயரிடுதல் இயலாது.

இதற்கு மைசூர் அரசிலேயே ஒரு சோதனைக் களம் உண்டு. 1830–31இல் நகர் பகுதியில் தொடங்கிய கிளர்ச்சியில் உழவர்கள் ‘கூட்ட’ எனப்பட்ட அவைகளாகத் திரண்டு வரி செலுத்த மறுத்தனர். ‘கூட்ட’ என்பது நம் ‘கூட்டம்’ என்பதன் உடன்பிறப்பு. இக்கிளர்ச்சியைக் காரணம் காட்டி, ஆளுநர்த் தலைவர் வில்லியம் பென்டிங்க் 1831இல் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரிடமிருந்து ஆட்சிப் பொறுப்பைப் பறித்தார். 1881இல்தான் அது உடையார் மரபுக்கு மீண்டது. உறுதித்தொகைக்கு ஒப்புக்கொண்டு வரி திரட்டிய அலுவலர்களின் நெருக்குதல் கிளர்ச்சிக்கு ஒரு காரணம். இங்ஙனம் நோக்கின் குஹாவின் வரையறைக்கு இது நன்கு பொருந்துவதாகவே தோன்றும். ஆனால் கூட்டங்களை முன்னின்று நடத்தியோருள் ஊர்த் தலைவர்களாகிய பட்டேல்களும் கவுடர்களும் இருந்தனர். பூதி பசவப்பா என்பவர் பழைய நகர் அரச மரபின் வாரிசு எனத் தம்மைக் கூறிக்கொண்டு கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கினார்.

பர்ட்டன் ஸ்டெய்ன் 1985இல் எழுதிய கட்டுரையொன்றில் இக்கிளர்ச்சியை எடுத்துக்கொண்டு ‘உழவர் எழுச்சி’ என்னும் தொடரையே மேற்கோட்குறிக்குள் இட்டார். தனி நிகழ்வையும் நெடுங்காலச் செயல்முறையையும் சேர்த்துக் காண வேண்டும் என்பது அவர் வாதத்தின் திசை. அதனோடு நாம் சேர்க்க வேண்டியது ஒன்றுண்டு. அரசனை எதிர்த்த பட்டேல் தன் ஊரில் யார்? அவன் நிலத்தில் உழைத்த ஹொலெயர் அக்கூட்டத்தில் எங்கே அமர்ந்தனர்? கூட்டம் என்னும் சொல் எல்லாரையும் உள்ளடக்குவதுபோல் ஒலிப்பதாலேயே அதனுள் இருந்த படிகளை நாம் காணத் தவறுகிறோம்.

எழுதிய கைதியும் எழுதாத கைதியும்

அடித்தளத்தார் பேச இயலுமா என்று 1988இல் காயத்ரி ஸ்பிவாக் எழுப்பிய வினா புகழ்பெற்றது. ஸ்ரீரங்கப்பட்டணச் சிறைகள் அவ்வினாவுக்கு எதிர்பாராத ஒரு பக்கத்தைக் காட்டுகின்றன.

1780 செப்டம்பர் 10ஆம் நாள் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் ஹைதர் அலியின் படை கர்னல் பெய்லியின் படையை முறியடித்தது. சிறைப்பட்டோர் பலர் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குக் கொண்டுவரப்பட்டனர். 1784ஆம் ஆண்டு மங்களூர் உடன்படிக்கை வரை அங்கிருந்தவர்களுள் டேவிட் பெயர்டும் ஒருவர். 1799இல் கோட்டைத் தாக்குதலுக்குத் தலைமை தாங்கியவர் அவரே. சிறையிலிருந்தோர் அனைவரும் அதிகாரிகளல்லர். வங்காளப் பீரங்கிப் படையின் சாதாரண வீரரான ஜேம்ஸ் பிரிஸ்டோ, கப்பற் சிறுவனாகப் பிடிபட்ட ஜேம்ஸ் ஸ்கரி ஆகியோர் தம் சிறை வாழ்வைப் பின்னர் நூலாக்கினர். முன்னவரது நூல் 1793இலும் பின்னவரது நூல் 1824இலும் வெளிவந்தன. இருவரும் ‘சேலா’ எனப்பட்ட அடிமைப் படைப்பிரிவில் சேர்க்கப்பட்டவர்கள். வலிந்து மதமாற்றம் செய்யப்பட்டவர்கள். தம் நாட்டின் வர்க்கப் படிநிலையிலும் அவர்கள் கடையரே. ஆளும் இனத்தைச் சேர்ந்தவர், ஆளப்படும் நிலையில், கீழ்த்தட்டிலிருந்து எழுதிய எழுத்துகள் இவை. லிண்டா காலி ‘சிறைப்பட்டோர்’ (2002) என்னும் நூலில் இவ்வெழுத்துகளை விரிவாக ஆராய்ந்துள்ளார்.

அச்சேலாப் படைகளில் ஐரோப்பியர் மிகச் சிலர். கர்நாடகச் சமவெளியிலிருந்தும் பிற பகுதிகளிலிருந்தும் கொண்டுசெல்லப்பட்டோரே பலர். புள்ளலூரில் பெய்லியின் படையில் பெரும்பகுதியினர் இந்தியச் சிப்பாய்கள். அவர்தம் சிறை வாழ்வைக் கூறும் நூல் நமக்குக் கிட்டவில்லை. பிரிஸ்டோ எழுதினார், அவரருகே அணிவகுப்பில் நின்ற ஆர்க்காட்டுச் சிறுவன் எழுதவில்லை. இருவரும் ஒரே கொட்டடியில் ஒரே தளபதிக்குக் கீழ்ப்பட்டிருந்தனர். ஆகவே கீழ்ப்பட்டிருத்தல் மட்டுமே மௌனத்தை விளைவிப்பதில்லை. விடுதலைக்குப் பின் ஒருவனுக்குப் பதிப்பாளரும் படிப்போரும் இருந்தனர், மற்றவனுக்கு இல்லை. பேச இயலுமா என்னும் வினாவோடு, பேசியதை அச்சிடுவார் எவர் என்னும் வினாவையும் இணைத்தே கேட்க வேண்டியிருக்கிறது.

இதே போர் ஓவியமாகவும் எஞ்சியுள்ளது. 1784இல் திப்பு எழுப்பிய தரியா தௌலத் மாளிகையின் மேற்குச் சுவரில் புள்ளலூர்ப் போர் வண்ணத்தில் விரிகிறது. யானைமீது அரசர், பல்லக்கில் காயமுற்ற பெய்லி, வெடிக்கும் வெடிமருந்து வண்டி. இவற்றுக்கிடையே வரிசை வரிசையாகக் குதிரைவீரரும் காலாட்களும் ஒரே அச்சில் வார்த்தாற்போன்ற முகங்களோடு நிற்கின்றனர். பலமுறை புதுக்கப்பட்ட ஓவியம் இது. 1850களில் டல்ஹௌசியின் ஆணைப்படி மீண்டும் தீட்டப்பட்டது. வென்றவர் தீட்டுவித்ததை அவரை வென்றவர் காத்தனர். இரு தரப்பும் ஒருமைப்பட்ட இடம், காலாளுக்குத் தனிமுகம் தராமையே. குடியேற்ற ஆட்சி ஆவணங்களை எதிர்நிலையில் வாசிக்க வேண்டும் என்பது குஹா கற்பித்த பாடம். அவ்வாசிப்பை உள்நாட்டு அரசவைச் சான்றுகளுக்கும் நீட்டுதல் வேண்டும். திப்பு கம்பெனியை எதிர்த்தவர் என்பதால் அவரது சுவர் அடித்தள மக்களின் சுவராகிவிடாது.

வெள்ளீயம் பெற்றவர்

கோட்டையைத் தாக்கிப் புகுந்த நாலாயிரத்துக்கும் மேற்பட்டோருள் ஏறக்குறைய ஐந்தில் இருவர் சிப்பாய்கள். சென்னைப் படையின் பயனியர் பிரிவு 1780இல் தோற்றுவிக்கப்பட்டது. பாதை அமைத்தல், பதுங்குகுழி வெட்டல், முற்றுகை ஏணி சுமத்தல் அதன் பணிகள். அதன் வழிவந்த சென்னைச் சாப்பர் படை ‘செரிங்கபட்டம்’ என்னும் போர்ச் சிறப்பை இன்றளவும் தாங்குகிறது. அவ்வழிவந்த பிரிவில் பறையர் உள்ளிட்ட தமிழகத்துத் தாழ்த்தப்பட்டோர் பங்கு பெரிது. கொள்ளைப் பங்கீட்டில் தளபதி ஹாரிஸ் ஒரு லட்சம் பவுனுக்கு மேல் பெற்றார். சிப்பாயின் பங்கு சில பவுன்களோடு நின்றது.

இச்சிப்பாயை எப்பெயரால் அழைப்பது? தேசியவாத வரலாறு அவனைக் கூலிப்படையான் என்றது. ஊரில் சேரியிற் பிறந்து, நிலமும் மதிப்பும் மறுக்கப்பட்டவன், மாதச் சம்பளமும் சீருடையும் தரும் இடத்துக்குச் சென்றான் என்பதை அச்சொல் மறைக்கிறது. ‘அடித்தளப் போராளி’ என்னும் சொல்லோ அவன் யாருக்காக ஏணி சுமந்தான் என்பதை மறைக்கிறது. கிராம்ஷி கூறிய முரண்பட்ட உணர்வுநிலை என்னும் கருத்து இங்கே கைகொடுக்கிறது. ஒருவனது செயலில் ஒரு நோக்கும் சொல்லில் வேறொரு நோக்கும் ஒருங்கே வாழும் என்றார் அவர்.

அதற்குரிய சான்றை ஏழாண்டுகளுக்குப் பின் வேலூரில் காண்கிறோம். 1799க்குப் பின் திப்புவின் மைந்தர்கள் வேலூர்க் கோட்டையில் வைக்கப்பட்டனர். ஸ்ரீரங்கப்பட்டண அரண்மனைப் பெண்கள் நூற்றுக்கணக்கானோரும் பின்னர் அங்கே கொணரப்பட்டனர். புதிய தலைப்பாகை, நெற்றிக் குறிக்கும் காதணிக்கும் தடை, தாடி மழித்தல் ஆகிய ஆணைகள் 1805–06இல் சென்னைப் படையைக் கொதிக்கச் செய்தன. 1806 ஜூலை 10ஆம் நாள் விடியலில் சிப்பாய்கள் எழுந்தனர். கோட்டையில் ஏறியது மைசூர்ப் புலிக்கொடி. எப்படை அக்கொடியை ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இறக்கியதோ அப்படையே அதனை வேலூரில் ஏற்றியது. அன்று சென்னை ஆளுநராக இருந்து, அதன் பொருட்டு 1807இல் திரும்ப அழைக்கப்பட்ட பென்டிங்க்தான் 1831இல் மைசூரைப் பறித்தவர். கம்பெனிக்கு விசுவாசி, கம்பெனிக்குப் பகைவன் என்னும் இருமை அச்சிப்பாயின் செயலை விளக்கப் போதாது. அவன் மானம் எங்கே தங்கியிருந்தது என்று கேட்டால் 1799உம் 1806உம் ஒரே வாழ்வின் இரு பக்கங்களாகத் தெரியும்.

அரண்மனைப் பெண்களின் நிலை இதனினும் அரிது. அவர்களுள் அரசியர் சிலர். பணிமகளிரும் ஆடல்மகளிரும் பலர். கம்பெனியின் ஆவணங்களில் அவர்கள் முதன்மையாகப் பராமரிப்புச் செலவுக்கு உரியவர்களாகவே பதிவாயினர்.

திருக்குலத்தார்

கோட்பாட்டுச் சொற்களை ஐரோப்பாவிலிருந்து மட்டுமே பெற வேண்டியதில்லை என்பதற்கு ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு வடக்கே உள்ள மேல்கோட்டை சான்று. சோழ நாட்டை நீங்கிய இராமானுசர் தங்கிய தலம் அது. செல்வப்பிள்ளையின் திருமேனியை வடக்கேயிருந்து மீட்டு வருகையில் உதவிய தாழ்த்தப்பட்டோர்க்கு அவர் ‘திருக்குலத்தார்’ என்னும் பெயர் தந்தார் என்றும், ஆண்டில் மூன்று நாள் கோயிலுக்குள் வரும் உரிமை அளித்தார் என்றும் வைணவ மரபு கூறும். அந்நாள்கள் கழிந்தபின் கோயிலில் தூய்மைச் சடங்கு நடத்தப்பட்டதைப் பழைய மைசூர் ஆவணங்கள் குறிக்கின்றன.

பெயர் தூய தமிழ், பேசுமிடம் கன்னடம், பொருள் கூர்ந்து நோக்கத்தக்கது. குஹா குடியேற்ற அரசை ‘மேலாண்மையற்ற ஆதிக்கம்’ என்றார். இசைவைப் பெறாமல் வன்மையால் ஆண்ட அரசு என்பது அதன் பொருள். அக்கணிப்பு கம்பெனிக்குப் பொருந்தலாம். மேல்கோட்டையில் நாம் காண்பது இசைவைப் பெற்ற ஆதிக்கம். மூன்று நாள் உரிமை, எஞ்சிய நாள்களின் விலக்கை இயல்பாக்கிவிடுகிறது. அதே வேளையில் அம்மூன்று நாளும், கோயில் ஒருகால் தமக்குக் கடன்பட்டது என்னும் நினைவை அம்மக்களிடம் அழியாது காத்தன. கருத்தியல் மேலாண்மை என்பது மேலோர் விரித்த வலை மட்டுமன்று; கீழோர் தம் உரிமைக் கோரிக்கையை முடிந்துவைக்கும் இடமும் அதுவே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று கிராம்ஷிக்குக் கிட்டியிராது.

கீழோருக்குள்ளும் படிகள் இருந்தன. மைசூர்ப் பகுதியில் ஹொலெயர் வலங்கை, மாதிகர் இடங்கை. தமிழகத்தில் பறையர் வலங்கை, சக்கிலியர் இடங்கை. எந்தத் தெருவில் எவர் ஊர்வலம் செல்லலாம், எவர் எந்தக் கொடி பிடிக்கலாம் என்பன பற்றிப் பதினெட்டாம் நூற்றாண்டு முழுவதும் பூசல் நிகழ்ந்தது. ஒருமைப்பாடு என்பதைக் கிளர்ச்சியின் அடிப்படைக் கூறுகளுள் ஒன்றாக வைத்தார் குஹா. தென்னகத்தில் அவ்வொருமைப்பாடு வலங்கை, இடங்கை என்னும் கோட்டின் வழியே இருகூறாகப் பிளந்து கிடந்தது. ‘அடித்தள மக்கள்’ என்று ஒருமையிற் பேசும் ஆய்வு இப்பிளவைக் கடந்து செல்லுமாயின் அது அம்மக்களின் வரலாறாகாது.

தாமே எழுதிய வரலாறு

அடித்தள மக்களைப் பற்றிப் பிறர் வகுத்த கோட்பாடுகளையே இதுவரை கண்டோம். மைசூர் அரசின் எல்லைக்குள்ளேயே அவர்கள் தாமே கோட்பாடு வகுத்த களமும் உண்டு. 1880கள் முதல் ஜான் டெய்லர் நிறுவனத்தின் கீழ் வளர்ந்த கோலார் தங்கவயலில் உழைத்தோருள் பெரும்பாலோர் வடார்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து சென்ற தமிழ்த் தாழ்த்தப்பட்டோர். அயோத்திதாசர் (1845–1914) 1907இல் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழுக்குத் தங்கவயல் உறுதியான வாசகர் தளம். அவர் நிறுவிய சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளைகள் அங்கே செழித்தன. அவர் மறைந்தபின் அவர்தம் எழுத்துகளை நூலாக்கிக் காத்ததும், 1920களில் ‘தமிழன்’ இதழுக்கு மீண்டும் உயிரூட்டியதும் தங்கவயலே.

தாழ்த்தப்பட்டோர் பூர்வ பௌத்தர் என்றும், சாதிபேதமற்ற திராவிடர் என்றும் அயோத்திதாசர் வாதிட்டார். அவரது சொற்பிறப்பு விளக்கங்கள் பல மொழியியலாருக்கு உடன்பாடல்ல. ஆனால் நாம் எங்ஙனம் கீழானோம், எவரால் கீழாக்கப்பட்டோம் என்னும் அவர் வினா உறவு பற்றிய வினா. கிராம்ஷியின் குறிப்பேட்டுக்கு ஒரு தலைமுறைக்கு முற்பட்ட வினா. ஞான அலாய்சியஸ் 1998இல் இவ்வியக்கத்தை விரிவாக ஆராய்ந்தார். 1999இல் அயோத்திதாசரின் எழுத்துகளைத் தொகுத்து வெளியிட்டார். பேச இயலுமா என்று உலகம் வினவிக்கொண்டிருந்த காலத்தில் நம் நூலகங்களில் பேசியவர்களின் ஏடுகள் கட்டவிழ்க்கப்படாமல் இருந்தன என்பதே உண்மை.

கல்வித்துறைக்குள்ளும் இத்தகைய முன்னோடி உண்டு. நா. வானமாமலை (1917–1980) கதைப்பாடல்களைப் பதிப்பித்தபோது, பாடுவோர் யார், கேட்போர் யார், எப்பாடத்தில் எது விடுபட்டது என்று வினவினார். சபால்டர்ன் ஆய்வுகளின் முதல் தொகுதி வெளிவருமுன்னரே அவர் மறைந்துவிட்டார். அவர் வழிவந்த ஆ. சிவசுப்பிரமணியன் ‘அடித்தள மக்கள் வரலாறு’ என்னும் தலைப்பிலேயே நூல் செய்தார். இம்மரபைக் கோட்பாட்டுக்கு முந்தைய வெறும் தரவுத் தொகுப்பாகக் கருதும் போக்கு திருத்தப்பட வேண்டும்.

முடிவுரை

தீபேஷ் சக்கரவர்த்தி 2000இல் ஐரோப்பாவை ஒரு மாகாணமாகக் காண வேண்டும் என்றார். விவேக் சிப்பர் 2013இல், முதலாளியத்தின் இயக்கம் எங்கும் ஒன்றே. கீழைநாட்டுத் தனித்தன்மையை மிகைப்படுத்துவது பிழை என்று அதனை மறுத்தார். இவ்விவாதம் பெரிதும் ஐரோப்பாவுக்கும் இந்தியாவுக்கும் இடையே நிகழ்ந்தது. தென்னகம் அதில் சான்றாகக்கூட அரிதாகவே அழைக்கப்பட்டது. ஐரோப்பாவை மாகாணமாக்குவோர் வங்காளத்தையும் ஒரு மாகாணமாகவே காண வேண்டும் என்பதை ஸ்ரீரங்கப்பட்டணச் சான்றுகள் உணர்த்துகின்றன.

கோட்பாட்டைக் கைவிட வேண்டும் என்பது இதன் முடிபன்று. முரண்பட்ட உணர்வுநிலை என்னும் கருத்தின்றி வெள்ளீயப் பதக்கச் சிப்பாயை வேலூரோடு இணைத்திருக்க இயலாது. மேலாண்மை என்னும் கருத்தின்றித் திருக்குலத்தாரின் மூன்று நாளை அளந்திருக்க இயலாது. ஆனால் வங்காளத்து மூவர் கூட்டணியை இங்கே தேடினால் பண்ணையாளை இழப்போம். விளிம்பு என்னும் சொல்லை நம்பினால் கோட்டை நடுவே நின்றவரை இழப்போம். ஒருமை என்பதை நம்பினால் இடங்கையாரை இழப்போம்.

செய்யத்தக்க பணிகள் கண்முன் உள்ளன. 1799 முற்றுகையில் பொறியாளராகப் பங்குகொண்ட காலின் மெக்கன்சி, அடுத்த ஆண்டே மைசூர் நில அளவையைத் தொடங்கி, காவலி வெங்கட போரய்யா முதலிய உள்நாட்டு உதவியாளர் துணையோடு தொகுத்த சுவடிகள் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் உள்ளன. இடங்கை வலங்கைப் பிரிவுகள் பற்றிய தமிழ்ச் சுவடிகளும் அவற்றுள் அடங்கும். பாராமகால் ஆவணங்கள் அச்சில் உள்ளன. இவற்றைக் கொங்கு நாட்டு வாய்மொழி வழக்காறுகளோடும் கன்னட லாவணிகளோடும் ஒருங்கு வைத்து வாசிக்கத் தமிழும் கன்னடமும் அறிந்த ஆய்வாளர் தேவை. ஒவ்வொரு சான்றிலும் கீழோர் எவர் என்பதோடு நில்லாது, எவர்க்குக் கீழே, எவர்க்கு மேலே, எந்த நாளில் என்றும் அவர்கள் கேட்க வேண்டும். வெள்ளீயத்தைப் பெற்றவனின் பெயர் ஒருவேளை கிட்டாமற் போகலாம். அவன் நின்ற இடத்தையேனும் நாம் பிழையின்றிக் குறித்தல் வேண்டும்.